முதல்நிலைத் தமிழ் கற்போரும் வட்டார வழக்கும்: திண்டுக்கல் சமவெளியிலிருந்து ஒரு கருத்துரை

ஆய்வுச் சுருக்கம்

தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாத ஒருவர் தமிழ் கற்கத் தொடங்கும்போது எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் இடையிலான தொலைவை மட்டுமன்றி, ஒரு வட்டாரப் பேச்சுக்கும் மற்றொரு வட்டாரப் பேச்சுக்கும் இடையிலான தொலைவையும் கடக்க வேண்டியுள்ளது. முதலாவதைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். இரண்டாவதைக் கற்பவரின் பொறுப்பிலேயே விட்டுவிட்டோம். மதுரை வழக்கும் கொங்கு வழக்கும் சந்திக்கும் திண்டுக்கல் மாவட்டத்தில், நூற்பாலைகளில் பணிபுரியும் வெளிமாநிலத்தார்க்குத் தமிழ் கற்பித்த பட்டறிவின் அடிப்படையில், வட்டார வேறுபாட்டை முதல்நிலைப் பாடத்தின் உள்ளேயே கொண்டுவர வேண்டும் என்ற கருத்தை இக்கட்டுரை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: இரண்டாம்மொழி கற்பித்தல், வட்டார வழக்கு, இரட்டை வழக்கு, கொடுந்தமிழ், திண்டுக்கல்.

முன்னுரை

வேடசந்தூர் வட்டாரத்தில் உள்ள ஒரு நூற்பாலையின் பெண்கள் விடுதியில், ஞாயிறு மாலைகளில் தமிழ் கற்பித்து வருகிறேன். கற்பவர்கள் பெரும்பாலும் ஒடிசா, சார்க்கண்டு மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். முதல் மூன்று மாதங்கள் பாடநூலில் உள்ளவாறே கற்பித்தேன். மேல், கீழ், உள், வெளி என்னும் இடப்பெயர்கள் நான்காம் பாடத்தில் வந்தன. 'எனக்கு உடல்நலம் சரியில்லை' என்னும் தொடர் ஒன்பதாம் பாடத்தில் வந்தது. இரண்டையும் பிழையின்றி எழுதிக்காட்டிய ஒடியப் பெண் ஒருவர், ஒருநாள் காய்ச்சலுடன் ஆலையில் நின்றிருக்கிறார். அவர் முகம் வாடியிருந்ததைக் கண்ட மேற்பார்வைப் பெண்மணி, "மேலுக்கு முடியலையா?" என்று பரிவுடன்தான் கேட்டிருக்கிறார். 'மேல்' என்ற சொல்லை அறிந்திருந்த அப்பெண், மாடியில் வேலை செய்ய முடியுமா என்று தம்மைக் கேட்பதாகக் கருதி, "இல்லை, கீழே" என்று விடையளித்துவிட்டு, ஷிப்ட் முடியும்வரை நின்றே வேலை பார்த்திருக்கிறார்.

கேட்டவர் மீதும் விடை கூறியவர் மீதும் குற்றமில்லை. மேல் என்பது உடம்பையும் குறிக்கும் என்பதை நான் கற்பிக்கவில்லை. அது எனக்குத் தெரியாத செய்தி அன்று. நான் அன்றாடம் வழங்கும் சொல். என் வீட்டில் காய்ச்சல் வந்த ஒவ்வொருவரையும் நோக்கிக் கேட்கப்படும் வினா. ஆயினும் பாடநூலைக் கையில் எடுத்தவுடன் அது தமிழ்ப்பாடத்துக்கு உரியதன்று என்று எனக்குள் ஏதோ ஒன்று தீர்ப்பளித்துவிட்டது. அந்தத் தீர்ப்பு எனக்கு மட்டும் உரியதன்று, தமிழ்க்கல்வியில் பயின்ற நம்மில் பலர்க்கும் உரியது என்பதே இக்கட்டுரை எழுதக் காரணம்.

திண்டுக்கல்: இரு வழக்குகளின் சந்திப்பு

திண்டுக்கல் 1985 செப்டம்பர் 15 அன்று மதுரை மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி மாவட்டமாயிற்று. ஆட்சி எல்லை அவ்வாறு அமைந்தாலும், மொழி எல்லை மாவட்டத்தின் ஊடாகவே செல்கிறது. கிழக்கிலும் தெற்கிலும் நத்தம், நிலக்கோட்டைப் பகுதிகள் மதுரை வழக்கோடு இயைந்தவை. மேற்கிலும் வடமேற்கிலும் பழனி, ஒட்டன்சத்திரம் பகுதிகளும், கரூரை நோக்கிய வேடசந்தூர்ப் பகுதியின் ஊர்கள் சிலவும் கொங்கு வழக்கின் சாயல் கொண்டவை. திண்டுக்கல் நகரின் பேருந்து நிலையத்தில் அரைமணி நேரம் நின்றால் இரண்டையும் கேட்கலாம். இவற்றோடு தெலுங்கு, கன்னடம், சௌராட்டிரம், உருது ஆகியவற்றை வீட்டுமொழியாகக் கொண்ட குடும்பங்கள் தலைமுறைகளாக வழங்கும் தமிழும் உண்டு.

என் தந்தைவழி உறவினர் நத்தம் பக்கத்தவர். தாய்வழி உறவினர் ஒட்டன்சத்திரத்துக்கு மேற்கே உள்ளவர். தந்தை வீட்டில் ஊர்த் திருவிழா 'சாமி கும்பிடு'. தாய் வீட்டில் அதுவே 'நோம்பி'. ஒரு வீட்டில் 'அங்கிட்டு' என்றால் மற்றதில் 'அக்கட்ட'. ஒரு வீட்டில் 'இருக்கு' என்று முடியும் தொடர் மற்றதில் 'இருக்குதுங்க' என்று முடியும். இரண்டுக்கும் இடையே வளர்ந்த பிள்ளைக்கு இது சுமையாகத் தோன்றாது. எந்த வாசலில் எந்தச் சொல் என்பது காலோடு சேர்ந்து பழகிவிடும். ஆனால் இருபது வயதுக்குமேல் வேற்றுமாநிலத்திலிருந்து வந்து, எட்டு மணிநேர வேலைக்குப் பின் தமிழ் கற்க அமரும் ஒருவர்க்கு அந்த வாய்ப்பு இல்லை. அவருக்கு ஒவ்வொரு வேறுபாடும் ஓர் ஐயம். தாம் கற்றது தவறோ என்னும் அச்சம்.

கற்பவர் முன் நிற்கும் மூன்று தமிழ்

சார்லசு பெர்குசன் 1959இல் இரட்டை வழக்கு என்னும் கருத்தாக்கத்தை முன்வைத்த பின்னர், எழுத்துத் தமிழ், பேச்சுத் தமிழ் என்னும் பாகுபாடு மொழியியலார் கவனத்தில் தொடர்ந்து இருந்து வந்துள்ளது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மு. சண்முகம் பிள்ளை 1960களில் பேச்சுத் தமிழைக் கற்பிக்கும் நூல்களை உருவாக்கினார். பல்வேறு வட்டாரத்தார் ஒருவரோடு ஒருவர் பழகும் இடங்களிலும் திரைப்படத்திலும் ஒரு பொதுப் பேச்சுத் தமிழ் உருவாகியுள்ளது என்று ஆரல்டு சிப்மன் 1998இல் வாதிட்டு, 1999இல் அதற்கு ஒரு விளக்க இலக்கணமும் எழுதினார். இவை பெரும்பணிகள். எனினும் கற்பவரின் பக்கத்திலிருந்து நோக்கினால் எழுத்துத் தமிழ், பொதுப் பேச்சுத் தமிழ், தாம் வாழும் ஊரின் தமிழ் என மூன்று அவர்முன் நிற்கின்றன.

'அவர்கள் வந்தார்கள்' என்னும் தொடரை எடுத்துக்கொள்வோம். பொதுப் பேச்சில் 'அவங்க வந்தாங்க' என்பதே வழக்கு. மதுரை சார்ந்த வழக்கில் இதனோடு 'அவய்ங்க வந்தாய்ங்க' என்பதும் உண்டு. இவ்விரண்டும் ஒன்றன் ஒலித்திரிபு மற்றொன்று எனக் கற்பவர் எளிதில் கருதிவிடுவர். உண்மையில் இவற்றிடையே மதிப்பு வேறுபாடு உள்ளது. 'வந்தாங்க' என்பது உயர்வுப் பன்மையாகவும் வரும். ஒருவரைக் குறித்தும் வரும். 'வந்தாய்ங்க' என்பது பலரைக் குறிக்கும், மதிப்பைக் குறிக்காது. உடன் பணிபுரிவோரிடமிருந்து இவ்வடிவத்தைக் கற்றுக்கொண்ட ஒருவர், ஆய்வுக்கு வந்த அலுவலர்களைப் பற்றி 'வந்தாய்ங்க' என்று அவர்கள் காதுபடவே கூறினால், அது மொழிப்பிழையாகக் கருதப்படாது, பண்புப்பிழையாகக் கருதப்படும். மதிப்புச் சொற்களில் மிகுதியும் 'ங்க' சேர்த்துப் பேசும் கொங்குப் பகுதியில் ஓராண்டு வேலைபார்த்துவிட்டுக் கிழக்கே வருபவர்க்கு நேர்மாறான சிக்கல். அவர் ஒவ்வொரு தொடரிலும் சேர்க்கும் 'ங்க' இங்குள்ளோர்க்கு மிகைப்பணிவாகத் தோன்றி நகைப்பை விளைவிக்கும். ஒரே மாவட்டத்தில், ஒருமணி நேரப் பேருந்துப் பயணத் தொலைவில் இவ்வேறுபாடு நிகழ்கிறது.

ஒலிப்பிலும் இவ்வாறே. பாடநூல் 'பழம்' என்று எழுதிச் சிறப்பு ழகரத்தை வருந்திப் பயிற்றுகிறது. சந்தையில் கேட்பதோ பெரும்பாலும் 'பளம்'. ழகரத்தைக் கற்பிப்பது நம் கடமை. ஆயினும் கற்பவர் வெளியே சென்றதும் கேட்கப்போவது எது என்பதை முன்கூட்டியே சொல்லாதிருப்பது அவர் செவியைக் கட்டிவிட்டுச் சந்தைக்கு அனுப்புவதாகும்.

மரபு அறிந்த வேறுபாடு

வட்டார வேறுபாடு தமிழிலக்கண மரபு அறியாததன்று. தொல்காப்பிய எச்சவியல் செய்யுட்குரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்து, பன்னிரு நிலத்து வழங்கும் சொற்களைத் திசைச்சொல் என ஏற்கிறது. அந்நிலங்கள் யாவை என்பதில் உரையாசிரியர்கள் வேறுபடினும், குட்டநாட்டார் தாயைத் தள்ளை என்பர், குடநாட்டார் தந்தையை அச்சன் என்பர் என்று ஊரும் சொல்லும் பொருந்தக் காட்டினர். சொல் எந்த நிலத்துக்குரியது என்பதைப் பெயரிட்டுச் சொன்ன அம்முறை, இன்றைய பாடநூலாசிரியர்க்கும் வழிகாட்டக்கூடியது.

தமிழை அயலார் கற்பதற்கென எழுந்த இலக்கணங்களின் வரலாறும் நீண்டது. சீகன்பால்குவின் இலத்தீன்வழித் தமிழிலக்கணம் 1716இல் செருமனியின் ஆலே நகரில் அச்சாயிற்று. வீரமாமுனிவர் 1728இல் கொடுந்தமிழுக்கும் 1730இல் செந்தமிழுக்கும் எனத் தனித்தனி இலக்கணங்களை இலத்தீனில் எழுதினார். பேசும் தமிழுக்கென ஒன்று, நூல் பயிலும் தமிழுக்கென மற்றொன்று எனப் பிரித்த அவரது துணிவு இன்றும் வியப்புக்குரியது. தேம்பாவணி பாடவல்ல புலவர், கற்கத் தொடங்குவோர்க்குக் கொடுந்தமிழ் இலக்கணம் எழுதுவதைத் தாழ்வாகக் கருதவில்லை. பின்னர் ஜி. யு. போப்பும் ஆர்டனும் ஆங்கிலவழிக் கற்போர்க்குப் பொது வழக்குத் தமிழை விளக்கும் நூல்களை எழுதினர்.

இங்கு ஒரு சொல்லின் பொருள் மாற்றம் கருதத்தக்கது. நன்னூல் உரைமரபில் கொடுந்தமிழ் என்பது நிலத்தோடு தொடர்புடைய சொல். செந்தமிழ் நிலத்தைச் சார்ந்த பிற நிலங்களின் தமிழைக் குறிப்பது. வீரமாமுனிவரின் நூலில் அது மக்கள் பேசும் பொது வழக்கைக் குறிக்கிறது. இடவேறுபாட்டைச் சுட்டிய சொல் நடைவேறுபாட்டைச் சுட்டுவதாயிற்று. பேச்சுத் தமிழ் என்பது எழுத்துத் தமிழுக்கு எதிர்நிலையில் நிற்கும் ஒற்றைப் பொருள் என்ற எண்ணம் இம்மாற்றத்தோடு வலுப்பெற்றது என்பது என் கருத்து. அதன்பின் 'எந்த ஊரின் பேச்சு?' என்னும் வினா, கற்போர்க்கான நூல்களில் இரண்டாம் இடத்துக்குத் தள்ளப்பட்டுவிட்டது.

வெல்ஷ் மொழி தரும் படிப்பினை

இவ்வினாவை நேரடியாக எதிர்கொண்ட மொழிகளுள் ஒன்று, பிரித்தானியாவின் வேல்ஸ் நாட்டில் வழங்கும் வெல்ஷ். 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு மூன்று வயதுக்கு மேற்பட்டோரில் 17.8 விழுக்காட்டினர், ஏறத்தாழ 5,38,000 பேர், அம்மொழி பேசக்கூடியவர்கள். 2050க்குள் அதனைப் பத்து இலட்சமாக்குவது அந்நாட்டு அரசின் இலக்கு. எனவே முதியோரும் புதியோரும் தொடக்கத்திலிருந்து கற்பது அங்கு மொழியின் வாழ்வோடு பிணைந்த செயல்.

அம்மொழியில் வடக்குக்கும் தெற்குக்கும் வேறுபாடு மிகுதி. பாலுக்கு வடக்கில் ஒரு சொல், தெற்கில் மற்றொன்று. 'இப்பொழுது' என்பதற்குத் தெற்கில் 'நவுர்', வடக்கில் 'ரூவன்'. எழுத்தில் ஒன்றைத் திருப்பி எழுதினால் மற்றது. 'எனக்கு வேண்டும்' என்று சொல்லும் முறைகூட மாறுபடும். இவ்வேறுபாட்டிலிருந்து கற்பவரைக் காக்க 1960களில் 'வாழும் வெல்ஷ்' எனப் பொருள்படும் 'கம்ரைக் பியூ' என்ற பொதுப் பேச்சு வடிவம் ஒன்று வகுக்கப்பட்டது. நோக்கம் நல்லதே. ஆனால் வட்டார வடிவங்களிலிருந்து தேர்ந்து இணைத்த அவ்வடிவம் எந்த ஊரிலும் அப்படியே பேசப்படவில்லை. அதனைக் கற்றவர் வெளியே வந்து கேட்டது வேறு மொழியாக இருந்தது. அவர் பேசியதும் புத்தகத்தன்மையோடு ஒலித்தது. இன்று அந்நாட்டின் தேசியக் கற்றல் மையம் முதல்நிலைப் பாடநூலையே வடக்குப் பதிப்பு, தெற்குப் பதிப்பு என இரண்டாக வெளியிடுகிறது. கற்பவர் தாம் வாழும் பகுதியின் பதிப்பில் தொடங்குகிறார். மற்றதைப் பின்னர் அறிந்துகொள்கிறார்.

நமக்கும் அவர்களுக்கும் வேறுபாடுகள் உள்ளன. தமிழ் எட்டுக் கோடி அளவிலான மக்களின் மொழி. எழுத்து நடை உறுதிப்பட்ட மொழி. திரைப்படத்தாலும் தொலைக்காட்சியாலும் பரவிய ஒரு பொதுப் பேச்சும் இங்கு இயல்பாகவே உள்ளது. ஆயினும் அவர்களிடமிருந்து பெறத்தக்க படிப்பினை ஒன்று உண்டு: யாரும் பேசாத ஒரு பேச்சைக் கற்பவர்க்கெனச் செய்து கொடுத்தால் அவர் இருமுறை கற்க நேரும். நம் முதல்நிலை உரையாடற் பாடங்கள் பலவற்றில் 'நான் கடைக்குச் செல்கிறேன்' என்று நண்பர்கள் பேசிக்கொள்கின்றனர். பேச்சைக் கற்பிப்பதாகச் சொல்லி யாரும் பேசாததைக் கற்பிக்கும் செயல் இது.

எதிர்வாதங்கள்

இக்கருத்துக்கு எழக்கூடிய மறுப்புகள் மூன்று. முதலாவது, வட்டார வழக்கைக் கற்பித்தால் மொழியின் ஒருமை சிதையும் என்பது. இரண்டாம்மொழி கற்போர் ஒருமையைச் சிதைக்கும் அளவு ஆற்றல் உடையவரல்லர். ஊரில் உள்ளோரோடு பேசமுடியாமல் அவர்கள் தமிழை விட்டு விலகுவதே நாம் அஞ்ச வேண்டியது. விடுதியில் என் வகுப்பைவிட்டு நின்றவர்கள் பெரும்பாலும் கூறிய காரணம் ஒன்றே: "நீங்கள் சொல்லித் தருவது வேறு, ஆலையில் பேசுவது வேறு."

இரண்டாவது, வட்டார வழக்கு கற்றவர் வேற்றூர் சென்றால் இடர்ப்படுவார் என்பது. இது வலுவான மறுப்பு. வேடசந்தூரில் இருப்பவர் அடுத்த ஆண்டே திருப்பூருக்குச் செல்லக்கூடும். அதனால்தான் வட்டார வடிவத்தைப் பேசப் பயிற்றுவதற்கும் கேட்டு உணரப் பயிற்றுவதற்கும் இடையே வேறுபாடு காண வேண்டும் என்கிறேன். கற்பவர் பேசுவதற்கு 'வந்தாங்க' போதும். அது எல்லா ஊரிலும் ஏற்கப்படுவது, திண்டுக்கல்லிலும் மக்கள் உண்மையாகவே பேசுவது. ஆனால் கேட்கும்போது 'வந்தாய்ங்க' என்பது இன்னது, அதை யாரைக் குறித்துச் சொல்லக்கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 'மேலுக்கு முடியலையா' என்பதை அவர் சொல்ல வேண்டியதில்லை. அவரைக் கேட்டால் விளங்க வேண்டும்.

மூன்றாவது, வட்டார வழக்கு என்பதன் பின்னே சாதிவழக்கு மறைந்துள்ளது, அதனைக் கற்பித்தால் கற்பவர் மீது ஓர் அடையாளம் ஏறும் என்பது. இம்மறுப்பை நான் பெரிதும் மதிக்கிறேன். ஒரே ஊரில் ஒரு சொல்லை யார் சொல்கிறார் என்பதைக் கொண்டு அவரை இடம்பார்த்து நிறுத்தும் வழக்கம் நம்மிடம் இன்னும் ஒழியவில்லை. எனவே ஊரில் பலரும் பகிர்ந்து வழங்கும் வடிவங்களையே பாடத்துக்குத் தேர்தல் வேண்டும். அவ்வாறு தேர்வதற்கு முதலில் எது பகிரப்பட்டது, எது பகிரப்படாதது என்பதைக் கள ஆய்வால் அறிதல் வேண்டும். இம்மறுப்பு ஆய்வை நிறுத்தக் கூறவில்லை, ஆய்வைத் தொடங்கச் சொல்கிறது.

தமிழ்த்துறைகள் செய்யத்தக்கன

வட்டார வழக்கைத் தொகுக்கும் பணியில் படைப்பாளிகள் நம்மினும் முந்திக்கொண்டனர். கி. ராஜநாராயணனின் கரிசல் வட்டார அகராதி 1982இலும், பெருமாள்முருகனின் கொங்கு வட்டாரச் சொல்லகராதி 2000இலும், கண்மணி குணசேகரனின் நடுநாட்டுச் சொல்லகராதி 2007இலும் வெளிவந்தன. இவை ஊர்ப்பேச்சை அறிந்த தமிழர்க்கும் படைப்பிலக்கியம் கற்போர்க்கும் அரிய கருவூலங்கள். ஆனால் இவை அரிய சொற்களைத் தேடித் தொகுத்தவை. கற்கத் தொடங்குபவர்க்கு வேண்டியது அரிய சொல் அன்று; நாள்தோறும் பலமுறை கேட்கப்படுவதால் யாரும் குறித்துவைக்கத் தேவையில்லை என்று எண்ணும் சொல்.

ஆகவே பின்வரும் மூன்று பணிகளை முன்மொழிகிறேன். ஒன்று, பேச்சுத் தமிழ் கற்பிக்கும் எந்நூலும் தான் கற்பிப்பது எந்த வட்டாரப் பேச்சு, அல்லது எவ்வகைப் பொதுப் பேச்சு என்பதை முன்னுரையிலேயே கூறுதல் வேண்டும். இரண்டு, ஒவ்வொரு மாவட்டத்துக்கும் கேட்டுணரத் தேவையான இருநூறு அளவிலான சொற்களும் தொடர்களும் அடங்கிய சிறு கையேடு ஒன்றை அம்மாவட்டத் தமிழ்த்துறைகள் உருவாக்கலாம். உடல்நலம், கூலி, பயணம், உணவு, ஆபத்துக்கால எச்சரிக்கை ஆகியவற்றுக்கு அதில் முதலிடம் தருதல் வேண்டும். முதுகலை மாணவரின் களப்பணியாகவே இதனைச் செய்ய இயலும். மூன்று, கற்பவர் செய்யும் பிழைகளையும் கொள்ளும் தவறான பொருள்களையும் தொகுத்தல் வேண்டும். 'மேலுக்கு' என்பதில் சிக்கல் உண்டு என்பதைத் தமிழர் எவரும் தாமாக உணர்ந்திருக்க இயலாது. அதனை எனக்குக் கற்பித்தவர் ஒடியப் பெண்ணே.

இவை ஆலைத் தொழிலாளர்க்கு மட்டும் உரியவை அல்ல. 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்கும் சட்டத்தின்படி தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தமிழ் கட்டாயப் பாடமாயிற்று. வெளிமாநிலத்திலிருந்து பெற்றோரோடு வந்த குழந்தையும் அதனால் தமிழ் கற்கிறது. வகுப்பறையில் எழுத்துத் தமிழையும் விளையாட்டுத் திடலில் ஊர்த்தமிழையும் கேட்கும் அக்குழந்தைக்கு இரண்டையும் இணைத்துக் காட்ட ஆசிரியர்க்கு ஒரு கருவி வேண்டும். சிங்கப்பூரில் 2005ஆம் ஆண்டின் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வு, வீட்டில் தமிழ் பேசாத பிள்ளைகளைக் கருத்தில் கொண்டு, பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையில் இடமளித்தது. வேற்றுமொழிச் சூழலில் தமிழ் வாழ வேண்டும் என்ற கவலை அங்கு இதனைச் செய்வித்தது. தமிழ்ச்சூழலுக்குள் வந்தவர் தமிழின்றித் தனித்து நிற்கிறாரே என்ற கவலை இங்கு நம்மைச் செய்விக்க வேண்டும்.

முடிவுரை

வட்டார வேறுபாடு கற்பவர்க்குத் தடை என்ற எண்ணத்திலிருந்து அதனை மறைத்துவிடுகிறோம். மறைத்ததனால் அது மறைவதில்லை. வகுப்பறைக்கு வெளியே, கற்பவர் தனித்து நிற்கும் வேளையில் அவர்முன் வந்து நிற்கிறது. படிப்பதற்கு எழுத்துத் தமிழ், பேசுவதற்கு மக்கள் உண்மையாகவே வழங்கும் பொதுப் பேச்சு, கேட்பதற்கு வாழும் ஊரின் தமிழ் என மூன்றையும் தொடக்கத்திலேயே பெயரிட்டுக் கொடுப்பதே நேர்மையான முறை என்பது இக்கட்டுரையின் துணிபு.

விடுதி வகுப்பின் நான்காம் பாடத்தை இப்பொழுது மாற்றி எழுதியுள்ளேன். மேல் என்பதற்கு எதிரே இரண்டு பொருள்கள் உள்ளன. இரண்டாவது பொருளின் அருகில் 'திண்டுக்கல், மதுரைப் பக்கங்களில்' என்று குறித்திருக்கிறேன். உரையாசிரியர்கள் தள்ளைக்கும் அச்சனுக்கும் அருகே நாட்டின் பெயரைக் குறித்ததும் இம்முறையில்தான்.